ஆராய்ச்சிச் செய்தியும் நம் சீத்தா கேம்பும்

விஞ்ஞானச் செய்தி என்று தலைப்பிட்டு வருவது எதுவாயினும் அதனை இருமுறை படிப்பது என் வழக்கம். முதல் முறை, என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இரண்டாம் முறை, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வைரஸ்களை ஆராய்வது என் தொழில்; தொழில் கற்றுக் கொடுத்த சந்தேக புத்தி என்று இதனைக் கொள்க. சோதனைக் குழாயிலே காண்பது ஒன்று. கட்டுரையிலே எழுதுவது ஒன்று. காலைப் பத்திரிகையிலே வருவது மற்றொன்று. மாலையிலே தேநீர்க் கடையில் பேசப்படுவதோ வேறொன்று. இந்த நான்கு படிகளையும் இறங்கி வருவதற்குள் உண்மை எவ்வளவு தேய்ந்து விடுகிறது! அப்படித் தேய்ந்து மறைவது பெரும்பாலும் ஏழைக்கு வேண்டிய பகுதியாகவே இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டினால் சான்று காட்ட வேண்டுமன்றோ?

சான்றைச் சீத்தா கேம்பிலிருந்தே தொடங்குகிறேன். நம் சங்கத்து மாணவர்களுள் மாதுங்காவை அறியாதார் இலர். தாராவியைத் திரைப்படத்திலாவது கண்டிருப்பர். சீத்தா கேம்பை நேரில் கண்டவர் சிலரே. மான்கூர்ட் ரயில் நிலையத்தில் இறங்கி டிராம்பே செல்லும் பஸ்ஸில் ஏறினால் ஊரின் கடைக்கோடியிலே வருவது அது. ஒரு புறம் கழிமுகமும் அலையாத்திக் காடும். சற்றுத் தொலைவிலே பாபா அணு ஆராய்ச்சி நிலையம். ஆசியாவிலேயே முதலாவது என்று நாம் பெருமை கொண்ட 'அப்சரா' அணு உலை, 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது இந்த டிராம்பேயிலேதான். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலையின் கெடுபிடியிலே, அந்த நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. அங்கே குடியிருந்த ஏறத்தாழ 70,000 மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேற்று நிலத்திலே கொண்டு வந்து விடப்பட்டனர். அதுதான் சீத்தா கேம்ப். தமிழும் மலையாளமும் உருதும் இந்தியும் மராத்தியும் ஒரே சந்தில் கேட்கும் இடம். அந்த இடிப்பை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்று பல ஆண்டுகள் போராடியவர் ஜோக்கின் அற்புதம்; கோலார் தங்கவயலிலே பிறந்த தமிழர். 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அவர் 2018-இல் மறைந்தார்.

ஆகவே இவ்வூர் மக்கள் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தவர்கள். விரும்பிக் கொடுத்தார்களா என்பது வேறு. ஆராய்ச்சி தங்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்க அவர்களைக் காட்டிலும் உரிமையுடையார் யார்?

இனி 57 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மும்பை மாநகராட்சியும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், நிதி ஆயோக்கும், வேறு சில அமைப்புகளும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பை நடத்தின. மூன்று வார்டுகளிலே 6,936 பேரிடம் இரத்தம் எடுத்துக் கொரோனா வைரஸுக்கான எதிர்ப்பொருள் உண்டா என்று பார்த்தார்கள். வைரஸ் ஒருவர் உடலிலே புகுந்து சென்றால் அதனை அடையாளம் கண்டு பற்றிக் கொள்ளும் புரதங்களை உடல் ஆக்கிக் கொள்கிறது. அவற்றையே எதிர்ப்பொருள் என்கிறோம். கள்வன் வந்து போன பின் வீட்டில் கிடக்கும் காலடித் தடம் போன்றது அது. தடம் இருந்தால் கள்வன் வந்தான் என்று பொருள். இனி வரமாட்டான் என்று பொருளாகுமா?

முடிவு ஜூலை 28-இலே வெளியாயிற்று. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டு. பிற பகுதிகளில் நூற்றுக்கு 16 பேருக்கு. உலகமே வியந்தது. மறுநாள் முதல் எங்கும் ஒரே பேச்சு: மும்பைக் குடிசைகள் 'மந்தை எதிர்ப்பாற்றல்' அடைந்து விட்டன! மந்தை என்ற சொல்லைக் கவனியுங்கள். மாளிகைவாசிகளைப் பற்றிப் பேசும்போது இச்சொல் அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை. நிற்க.

அந்த அறிக்கையைத் தேடிப் படித்தவன் நான். குடிசைகளில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு அது என்ன காரணம் கூறியது தெரியுமா? மக்கள் நெருக்கம் ஒன்று. பொதுக் கழிப்பிடமும் பொதுத் தண்ணீர்க் குழாயும் மற்றொன்று. ஒரே கழிப்பிடத்தின் முன்னே விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களிடையே நோய் பரவிற்று என்பதே அதன் பொருள். அறிக்கை பேசியது கழிப்பிடத்தைப் பற்றி. ஏடுகள் எழுதியது எதிர்ப்பாற்றலைப் பற்றி. கழிப்பிடம் என்றால் யாரோ கட்டித் தர வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், அதிகாரி பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பாற்றல் என்றால் இயற்கையே தந்து விட்டது, யாரும் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. எந்தப் பகுதி தலைப்பாயிற்று, எந்தப் பகுதி மறைந்தது என்று பார்த்தீர்களா?

இன்னொன்று. அந்த மூன்று வார்டுகள் எவை? தஹிசர் அடங்கிய ஆர் வடக்கு. செம்பூர் அடங்கிய எம் மேற்கு. மாதுங்கா, வடாலா அடங்கிய எஃப் வடக்கு. சீத்தா கேம்ப் எந்த வார்டு? எம் கிழக்கு. கோவண்டியும் மான்கூர்டும் டிராம்பேயும் அடங்கிய இந்த வார்டு, 2009-இல் வெளிவந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கையிலே எல்லா வார்டுகளுக்கும் கடைசியில் நின்றது. அந்தக் கணக்கெடுப்பில் இது இல்லவே இல்லை. எங்கள் தெருவில் ஒரு சொட்டு இரத்தமும் எடுக்காமலேயே எங்களுக்கு எதிர்ப்பாற்றல் வந்து விட்டது! அந்நாளில் முகமூடியின்றி அமர்ந்திருந்த மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரிடம், "கொஞ்சம் முகத்தை மூடிக்கலாமே அண்ணாச்சி" என்றேன். "அதான் நமக்கெல்லாம் வந்துட்டுப் போயிட்டாம்லா தம்பி. பேப்பர்லயே போட்டுட்டான். பொறவு என்னத்துக்கு?" என்றார் அவர். அவரை நான் எப்படிக் குறை கூறுவேன்? பேப்பரிலே போட்டது உண்மைதானே.

அடுத்து நடந்ததைத்தான் பலர் அறியார். ஆகஸ்டில் அதே வார்டுகளில் இரண்டாம் முறை கணக்கெடுத்தார்கள். இம்முறை குடிசைகளில் 57 அன்று, 45. மற்ற இடங்களில் 18. எண் ஏன் குறைந்தது? எதிர்ப்பொருள் நாளடைவில் குருதியில் தேய்வதுண்டு. தேர்ந்தெடுத்த ஆட்களும் வேறு. ஆராய்ச்சியாளனுக்கு 57-ஐ விட இந்த 45 சுவையானது. ஏனெனில் முதல் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அது காட்டுகிறது. ஆனால் எந்தத் தேநீர்க் கடையிலும் 45 என்ற எண்ணை நான் கேட்டதில்லை. முதற் கணக்கெடுப்பு 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்னும் ஆராய்ச்சி ஏட்டில் ஒழுங்காக வெளியானது நவம்பரிலே. செய்தி ஜூலையில், கட்டுரை நவம்பரில்! தாலி கட்டி நான்கு மாதம் கழித்து ஜாதகம் பார்த்த கதை.

நியாயம் தவறாமல் இதையும் சொல்ல வேண்டும். 2021-இல் இரண்டாம் அலை வந்து, ஏப்ரல் 4-ஆம் நாள் ஒரே நாளில் மும்பையில் 11,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டபோது, அவர்களிற் பெரும்பாலோர் அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்பவர் என்று மாநகராட்சி கூறியது. ஆகவே 57 பொய் எண் அன்று. கணக்கெடுத்தவர்கள் நேர்மையாகவே எடுத்தார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. எண் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வருந்த மாட்டேன். மெய்யான எண்ணை எடுத்துக் கொண்டு, அதன் காரணத்தை எறிந்து விட்டு, அது எண்ணாத ஊருக்கும் அதனை நீட்டியதுதான் என்னை உறுத்துகிறது.

இதே மும்பையில் குடிசைகளை ஆராய்ந்து, மிக நல்ல வழியில் பயன் கண்ட ஆராய்ச்சியும் உண்டு. நம் மாணவர்கள் அதனை அறியாதிருப்பது பெருங்குறை. இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோயை ஒழிக்க நாடு முனைந்திருந்த காலம். சொட்டு மருந்து நன்றாகவே கொடுக்கப்பட்டு வந்தும், 1999, 2000 ஆண்டுகளில் மும்பையிலே மூன்று குழந்தைகளுக்கு வாதம் கண்டது. மருந்து போய்ச் சேர்ந்த ஊரிலே வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது? பரேலில் இருந்த எண்டெரோவைரஸ் ஆராய்ச்சி மையத்தார் ஓர் உபாயம் செய்தார்கள். போலியோ வைரஸ் குடலிலே பெருகி மலத்தோடு வெளியேறுவது. எனவே மூன்று குடிசைப் பகுதிகளின் சாக்கடை நீரை வாரந்தோறும் மொண்டு வந்து சோதித்தார்கள். 2001-ஆம் ஆண்டில் சோதித்த மாதிரிகள் 137. அவற்றுள் 35-இல் ஒன்றாம் வகைப் போலியோ வைரஸ் இருந்தது. ஒன்றில் மூன்றாம் வகை இருந்தது. அவ்வாண்டு நகரிலே வாதம் கண்ட குழந்தையோ ஒன்றே ஒன்று!

மருத்துவமனைக் கணக்கு 'ஒன்று' என்றது. சாக்கடைக் கணக்கு 'ஊரெங்கும்' என்றது. இரண்டும் மெய்யே. போலியோ தொற்றியவர்களுள் ஏறத்தாழ 200-க்கு ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்களிடம் வைரஸ் அரவமின்றி வந்து போகும். முடங்கிய காலை மட்டும் எண்ணிக் கொண்டிருந்தால் மீதி எவர் கண்ணிலும் படாது. அறிவு சாக்கடையிலும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த வைரஸ்களின் மரபணுவைப் படித்துப் பார்த்ததில், அவை மும்பையின் பழைய வைரஸ்களின் வழி வந்தவை அல்ல, உத்தரப் பிரதேசத்தில் அண்மையில் கண்ட வைரஸ்களின் உறவு என்றும் தெரிந்தது.

இந்த ஒரு வரி மட்டும் இன்றையச் செய்தித் தலைப்பாகும் வித்தையை எண்ணிப் பாருங்கள். 'பிழைக்க வந்தவன் நோயைக் கொண்டு வந்தான்' என்றல்லவா போடுவார்கள்! 1960-களின் இறுதியில் இந்நகரிலே தென்னாட்டாரைத் துரத்த வேண்டும் என்று கூச்சலிட்ட காலத்தில் நம் தந்தையரும் பாட்டன்மாரும் கேட்ட வசை அது. கட்டுரை எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. எந்தப் பகுதியில் மருந்து இன்னும் சேரவில்லை, எந்த வழித்தடத்தில் குழந்தைகளைத் தேட வேண்டும் என்று காட்டவே மரபணுவைப் பயன்படுத்தினார்கள். சாக்கடைக் கண்காணிப்பு பிறகு வேறு நகரங்களுக்கும் பரவியது. 2011 ஜனவரி 13-இல் ஹௌராவில் கண்ட நோயாளியே இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி. 2014 மார்ச் 27-இல் போலியோ அற்ற நாடு என்ற சான்றிதழும் வந்தது. அந்த வெற்றிக்கு மும்பைக் குடிசையின் சாக்கடை செய்த உதவியை எந்த மேடையிலும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியீட்டு அவசரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அது பற்றிப் பேசுவார் பலர் உளர். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை அத்துறை வல்லுநர் சிலர் படித்துக் குறை நிறை கூறிய பின்னரே ஏட்டில் வெளியிடுவது மரபு. அதற்கு முன்னரே கட்டுரையை எல்லார்க்கும் திறந்து வைக்கும் 'பிரீபிரிண்ட்' முறை கொரோனாக் காலத்தில் பெருகியது. 2020 ஜனவரி 31-இல் தில்லியிலிருந்து அப்படி ஒரு கட்டுரை வந்தது. புதிய கொரோனா வைரஸின் புரதத்திலே எய்ட்ஸ் வைரஸின் துண்டுகள் நான்கு இருக்கின்றன என்றது. உலகெங்கும் உள்ள வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்து மேய்ந்து விட்டார்கள். அவ்வளவு சிறு துண்டுகள் எத்தனையோ உயிர்களின் புரதங்களிலும் பொருந்தும்; பத்து வரிக் கவிதையில் 'நிலா' என்ற சொல் இருப்பதால் அது இன்னார் பாட்டைத் திருடியது என்று சொல்ல முடியுமா? இரண்டே நாளில், பிப்ரவரி 2-இல், எழுதியவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முறை நன்றாகவே வேலை செய்தது. வதந்தி மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. எய்ட்ஸ் வைரஸைக் கண்டதற்காக 2008-இல் நோபெல் பரிசு பெற்ற மாண்டாக்னியரே அவ்வாண்டு ஏப்ரலில் தொலைக்காட்சியில் அதையொத்த கருத்தைப் பேசினார். பரிசு பெற்றவர் வாயில் வந்தாலும் பிழை பிழையே.

வல்லுநர் பரிசீலித்து வெளியிட்ட கட்டுரையாயின் நம்பலாமோ என்றால், அதற்கும் இடமில்லை. 2020 மே 22-இல் 'லான்செட்' வெளியிட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை 96,000 நோயாளிகளின் கணக்கு என்று மார்தட்டியது. உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையை நிறுத்தி வைத்தது. கணக்கைக் காட்டு என்றபோது காட்ட முடியவில்லை. ஜூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்று நாள் ஆயுள்!

அவசரத்துக்கு எதிர்த்தட்டாக, நம் தமிழகத்திலேயே நடந்த ஒன்றை மாணவர்கள் நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களிடம் பயின்ற பட்டமேற்படிப்பு மாணவி நிர்மலா. எய்ட்ஸ் இந்தியாவுக்கு வராது, அது மேல்நாட்டுச் சீர்கேட்டின் நோய் என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசிக் கொண்டிருந்த நேரம். அவர் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம் இரத்த மாதிரி சேகரித்து, வசதியான ஆய்வுக்கூடம் இல்லாமையால் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலே வைத்துக் காத்து, வேலூருக்கு ரயிலிலே எடுத்துச் சென்று சோதித்தார். 1986-ஆம் ஆண்டு அது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. உடனே நிருபர்களைக் கூட்டினார்களா? இல்லை. மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பின்னர் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று வேறொரு முறையிலும் சோதித்து உறுதி செய்த பின்னரே சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தார். 1987-இல் அக்கட்டுரை, அயல்நாட்டு ஏடு ஒன்றைத் தேடி ஓடாமல், நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி ஏட்டிலே சில பக்கங்களில் வெளிவந்தது. ஒரு மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது. அந்தப் பெண்களின் பெயரை எவரும் வெளியிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஏடு என்றதும் பணத்தின் பேச்சு வருகிறது. 'நேச்சர்' இதழில் கட்டுரை ஏற்கப்பட்டு, அதை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமாயின் எழுதியவர் தரப்பு கொடுக்க வேண்டிய தொகை 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தார்கள். அந்நாள் மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். கொடுக்காவிட்டால் படிப்பவன் கொடுக்க வேண்டும். நம் அரசு 2024 நவம்பரில் 'ஒரு நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை ஏற்று, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் 13,000 ஏடுகளை அரசுக் கல்வி நிலையங்களுக்குத் திறந்து விட்டிருக்கிறது. வரவேற்கிறேன். என் மாணவப் பருவத்தில் ஒரு கட்டுரைக்காக நண்பருக்கு நண்பர் கடிதம் எழுதி மாதக் கணக்கில் காத்திருந்தவன் நான். ஆனால் 6,000 கோடியும் கதவைத் திறந்தது கல்லூரி வாசல் வரைதான். இரத்தம் கொடுத்தவளின் வீட்டு வாசலுக்கு அந்தக் கட்டுரை வருவதற்கு எந்தச் சந்தாவும் இல்லை. அவ்வழியிலே மொழி என்ற மதில் வேறு நிற்கிறது.

உண்மை நுழையாத வாசலில் பொய் எளிதாக நுழைகிறது. தட்டம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். நம் தாய்மார் மணல்வாரி என்பது, மராத்தியர் 'கோவர்' என்பது. 1998-இல் 'லான்செட்' ஏட்டில் வேக்ஃபீல்ட் என்பவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, அத்தடுப்பூசிக்கும் மதி இறுக்க நோய்க்கும் முடிச்சுப் போட்டது. அவர் மோசடியைத் தோண்டி எடுத்தவர் விஞ்ஞானி அல்லர். பிரையன் டீர் என்னும் பத்திரிகையாளர். நிருபர்களைத் திட்டியே பழகிய என் போன்றோர் அவரை நன்றியுடன் நினைக்க வேண்டும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010-இல். பன்னிரண்டு குழந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டு! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்சாப்பிலே தமிழிலேயே வதந்திகள் பறந்தன. முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. திருநெல்வேலியில் பிறக்கும் செய்தி சீத்தா கேம்புக்கு வர எவ்வளவு நேரமாகும்? அக்காள் அங்கே, தங்கை இங்கே; கைப்பேசி இருவரிடமும். ஊர்த் திருவிழாச் செய்தி வரும் வழியிலேதான் ஊசி பற்றிய பயமும் வருகிறது.

2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கள் எம் கிழக்கு வார்டிலே, கோவண்டிப் பகுதியில் தட்டம்மை வெடித்தது. குழந்தைகள் மாண்டனர். கொரோனாக் காலத்திலே தவறிப் போன தவணைகளை யாரும் தேடிப் பிடித்துப் போடவில்லை என்பது பெரிய காரணம். நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு இரு தவணையும் போட்டிருந்தால் ஒழியத் தடுத்து நிறுத்த முடியாத வைரஸ் அது. ஒரு நோயாளி, பாதுகாப்பு இல்லாத கூட்டத்திலே, பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுக்க வல்லது.

அந்த நோய் வெடிப்புக்கு மூன்றாண்டு முன்பே, 2019-இல், நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 'சயன்ஸ்' ஏட்டில் வந்திருந்தது. தட்டம்மை வைரஸ் நம் உடலின் நினைவைத் தாக்குகிறது என்பது அதன் முடிவு. முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்துக் கொள்ளும் வெள்ளணுக்களிலே புகுந்து அவற்றை அழிக்கிறது. நோய் நீங்கிய குழந்தைகள் அதுவரை பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்கு வரை இழந்திருந்தனர். அதாவது, மணல்வாரி வந்து தணிந்து, வேப்பிலை நீராட்டி, குழந்தை பிழைத்தது என்று தாய் மகிழும்போது, அதன் உடல் முன்பு கற்ற பாடங்களை மறந்து நிற்கிறது. அடுத்த சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அதற்குப் புதிய எதிரிகளாகின்றன. நெரிசலும் குறை ஊட்டமும் உள்ள கோவண்டிக்கும் சீத்தா கேம்புக்கும் இதைவிடத் தேவையான விஞ்ஞானச் செய்தி உண்டா? 'அம்மை வந்து போனால் நல்லதுதானே' என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான பதில் உண்டா? ஆயினும் அந்தக் கட்டுரையைத் தமிழிலே எடுத்துச் சொல்லும் ஒரு பக்கத்தையும் எங்கள் பேட்டையில் நான் கண்டதில்லை. 57 வந்த வேகத்திலே 73 வரவில்லை.

இதற்கு வழி என்ன? பத்திரிகைகள் திருந்தட்டும், அரசு திருந்தட்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைவது நமக்குப் பழகிய காரியம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நம் கையில் இருப்பது இந்த இதழ். இதிலே ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்கிறேன். பல்கலைக்கழகத்தின் சந்தா உங்களுக்கு இருக்கிறது; எந்தக் கட்டுரையையும் முழுதாகப் படிக்கலாம். ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்து, தமிழிலே எழுதுங்கள். எத்தனை பேரை எண்ணினார்கள், எந்த ஊரில் எண்ணினார்கள், எவரை எண்ணவில்லை, யார் பணம் கொடுத்தார்கள், வல்லுநர் படித்தார்களா, பின்னர் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கும் ஓர் ஓரம் இருக்கட்டும். கலைச்சொல் அகப்படவில்லை என்று திகைக்க வேண்டாம். சாக்கடை, கழிப்பிடம், காலடித் தடம் என்ற சொற்களே எனக்கு இதுவரை போதுமாயிருந்தன. மருத்துவ மாணவரும் உயிரியல் மாணவரும் மட்டும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. 57-க்கும் 45-க்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளியியல் மாணவர் என்னைக் காட்டிலும் நன்றாகச் சொல்வார்.

இதழ் விடுதியிலேயே தங்கிவிடக் கூடாது. நம் முன்னோர் இந்நகரிலே படிப்பகங்கள் நடத்தியவர்கள். ஒருவர் உரக்கப் படிக்க, ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்துக் களைத்தவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். சீத்தா கேம்பிலே அப்படி ஒரு கரும்பலகை வைக்க இடம் கேட்டால் தருவார் உண்டு. அண்ணாச்சி கடைச் சுவரே போதும். தமிழிலே எழுதியதை அடுத்த சந்து உருதுக்காரரும் மராத்திக்காரரும் தம் மொழியில் எழுதித் தருவர். பிழை கண்டால் அங்கேயே அழித்துத் திருத்தலாம். 'லான்செட்' ஏட்டைப் போல் பன்னிரண்டு ஆண்டு காக்க வேண்டுவதில்லை.

முதல் வாரத்துக்கு எதை எழுதுவது என்று கேட்பீர்களாயின், தட்டம்மையை எழுதுங்கள். முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள். இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். தவறியிருந்தால் இன்றே சென்று கேட்கலாம். அதன் கீழே அந்த 77 குழந்தைகளின் கதையை ஐந்து வரியில் எழுதுங்கள். சுண்ணக்கட்டிச் செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மான்கூர்ட் நிலையத்தின் வாயிலில் நிற்கிறேன். நால்வர் வந்தால் போதும்.